கைச்செலவுக்கு இருநூறு வெள்ளி

வேலனைப் போல் ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. இதை அவன் முகத்துக்கு நேராகவே பலமுறை சொல்லியிருக்கிறேன். சிரிப்பானே தவிர மறுக்க மாட்டான்.

கணபதிப் பகுதியில் வெங்கடபதி முதலாளியின் பட்டறையில் நானும் அவனும் பதினோரு வருடம் ஒன்றாக வேலை செய்தோம். நான் பிட்டர், பாகங்களைப் பொருத்துகிற வேலை. ஆள் இல்லாத நாளில் கம்பெனி வேனையும் ஓட்டுவேன். வேலன் லேத் என்கிற கடைசல் மெஷினில் நிற்பவன். பம்பு ஷாப்ட் கடைவதில் அவனுக்கு இணை கிடையாது என்று முதலாளி வெளியாட்களிடம் சொல்வார், அவனிடம் ஒருநாளும் சொன்னதில்லை. இரும்புக்கு முன்னால் அவனுக்குப் பயமே கிடையாது. மனிதர்களுக்கு முன்னால் வந்துவிட்டால் கை கால் உதறும். சிங்காநல்லூர்ப் பக்கம் தோட்டத்தில் கூலிக்கு இருந்தவரின் மகன். வாய் திறந்து எதையும் கேட்டுப் பழகாத குடும்பம் அது.

அவனுடைய 'வேணாங்க'வைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போய், சாப்பிடுங்க என்றவுடன் உட்கார்ந்துவிட்டால் அது அழகில்லை. "இல்லீங்க, இப்பத்தான் சாப்பிட்டேனுங்க" என்று வயிறு காய்ந்தாலும் சொல்ல வேண்டும். இரண்டாம் தடவையும் மறுக்க வேண்டும். மூன்றாம் தடவை கையைப் பிடித்து இழுப்பார்கள், அப்போது போய் உட்கார்ந்து நன்றாகச் சாப்பிடலாம். கேட்பவருக்கும் இது தெரியும், மறுப்பவருக்கும் தெரியும். எல்லோரும் இந்தப் பக்கத்து ஆட்களாக இருக்கும்வரை யாரும் பட்டினி கிடப்பதில்லை.

தொண்ணூற்றாறில் முதலாளி சிங்கப்பூரில் நடக்கும் இயந்திரக் கண்காட்சிக்குப் புறப்பட்டார். மூன்று ராத்திரி, நான்கு பகல். பழைய கம்ப்யூட்டர் லேத் ஒன்று விலைக்கு வருகிறது, அதைத் தொட்டுப் பார்த்து நல்லது கெட்டது சொல்ல ஆள் வேண்டும் என்று வேலனையும் சேர்த்துக்கொண்டார். டிக்கெட், ஓட்டல் அறை எல்லாம் கம்பெனி செலவு. புறப்படுவதற்கு நான்கு நாள் முன்பு அவனை ஆபீசுக்குக் கூப்பிட்டு இருநூறு வெள்ளியை நீட்டினார். சிங்கப்பூர்ப் பணத்துக்கு அங்கே வெள்ளி என்றுதான் பெயர்.

"கைச்செலவுக்கு வெச்சுக்க வேலா."

"வேணாங்க."

"அட வெச்சுக்கப்பா."

"இருக்கட்டுங்க மொதலாளி, எனக்கென்னுங்க செலவு."

மூன்றாம் தடவை அவர் பேசவில்லை. சட்டைப்பையில் திணித்துவிட்டு போனை எடுத்துவிட்டார்.

வேலன் வெளியே வந்தபோது அவன் முகத்தில் ரத்தமில்லை. காரணம் உண்டு. திருப்பூருக்கோ ஈரோட்டுக்கோ வெளிவேலைக்குப் போனாலும் எங்களுக்குக் கைச்செலவுக்குப் பணம் கொடுப்பார்கள். வந்ததும் பஸ் டிக்கெட்டைக் கொடுத்து, டீச்செலவைச் சொல்லி, மிச்சத்தை ஆபீசில் வைத்துவிட வேண்டும். இந்த இருநூறும் அந்த மாதிரியா, இல்லை இவனுக்கென்றே கொடுத்ததா? ஒரு வார்த்தை கேட்டால் தீர்ந்தது.

"கேட்டுப்போடு" என்றேன்.

"ஐயோ, வேணாங்ணா. இவனுக்கு எவ்வளவு ஆசை பாருன்னு நெனச்சுக்குவாருங்க."

இன்னொருவனாக இருந்தால் ஊர் சுற்றிப் பார்த்துவிட்டு, மிஞ்சியதற்கு ஒரு சென்ட் பாட்டில் வாங்கி வந்திருப்பான். வேலனுக்கு அந்தப் பணத்தைக் கண்டதும் வேறு யோசனை ஓடிவிட்டது, அதனால்தான் அந்தப் பயம். அவன் மகள் கிருபாவுக்கு ஆறு வயது. காது சரியாகக் கேட்காது. ஆர்.எஸ்.புரத்தில் ஒரு டாக்டரிடம் காட்டியதில், காதுக்கு மெஷின் வைத்தால் மற்ற பிள்ளைகளைப் போலப் பேச்சு வந்துவிடும், தள்ளிப்போட்டால் வராது என்று சொல்லிவிட்டார். எட்டாயிரம் ரூபாய். வேலனுக்கு மாதம் ஆயிரத்தெண்ணூறு சம்பளம். ஜூன் மாதத்துக்குள் நாலு வார்த்தையாவது பேசினால்தான் ஒன்றாம் வகுப்பில் சேர்ப்போம் என்று பள்ளிக்கூடத்திலும் சொல்லிவிட்டார்கள். அப்போது ஜனவரி.

அதே மெஷின் சிங்கப்பூரில் நூற்றுத்தொண்ணூறு வெள்ளிதான் என்று பக்கத்து வீட்டு ஜன்னத் அக்காவின் தம்பி அங்கிருந்து கடிதம் எழுதியிருந்தார். கடை முகவரியும் அதில் இருந்தது. மெஷினை மட்டும் வாங்கி வாருங்கள், காதுக்கு அச்சு இங்கே எடுத்துக்கொள்ளலாம் என்று டாக்டரும் சொன்னார். நம் கணக்குப்படி இருநூறு வெள்ளி என்பது ஐயாயிரத்துச் சொச்சம்தான். வேலன் முடிவு செய்துவிட்டான். மெஷினை வாங்கிவிடுவது, திரும்பி வந்ததும் முதலாளியிடம் சொல்லிச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்வது. ஆனால் அதுவரைக்கும் அடுத்தவர் பணத்தை எடுத்தவன் என்ற பயம் அவனை அரித்தது.

மறுநாள் மத்தியானம் கரண்ட் போன நேரத்தில், வேலை விவரம் எழுதும் ஜாப் கார்டின் பின்பக்கத்தில் நாங்கள் இருவரும் பட்ஜெட் போட்டோம். மெஷின் நூற்றுத்தொண்ணூறு. மிச்சம் பத்து வெள்ளி. நான்கு நாளைக்கு அதுதான். கடைக்குப் போய்வர பஸ் நான்கு வெள்ளி. தண்ணீருக்கு ஒன்றுமில்லை, நம் ஊர்ச் சிறுவாணித் தண்ணீர் இரண்டு பாட்டில் கொண்டு போகிறான். சாப்பாட்டுக்கும் ஒன்றுமில்லை, அவன் மனைவி மாசாணியம்மாள் புளிச்சோறு கட்டித் தருகிறாள், அப்புறம் முறுக்கும் அவலும். வீட்டுக்கு போன் பேசுவது கிடையாது. நான் கார்டை மடித்துக் கொடுத்தபோது, வேலன் பென்சிலை வாங்கிக்கொண்டு கேட்டான்:

"ஏனுங்ணா, அபராதத்துக்கு எவ்வளவு ஒதுக்கறதுங்க?"

சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. அந்த ஊரில் ரோட்டில் துப்பினால் அபராதம், காகிதம் போட்டால் அபராதம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவன் வெற்றிலை போடுகிற ஆள். அன்றைக்கே வெற்றிலையை நிறுத்திவிட்டான். மிச்சமிருந்த ஆறு வெள்ளிக்கு நேராக 'அபராதம்' என்று தன் கையாலேயே எழுதினான்.

அங்கே நடந்ததை அவன் என்னிடம் ஒரேயடியாகச் சொல்லவில்லை. பல நாள், பல டீக்குப் பிறகு துண்டு துண்டாகச் சொன்னான். போன அன்று சாயந்திரம் லேத் விற்கும் ஏஜெண்டின் கார் ஓட்டல் வாசலில் நின்றதாம். முதலாளி வராந்தாவில் நடந்துகொண்டே, "சாப்பிட வாரயா வேலா?" என்றார். வேலன் வழக்கம்போல், "இல்லீங்க, நீங்க போய்ட்டு வாங்க" என்றான். முதலாளியும் நம்ம ஊர்க்காரர்தான், இன்னும் இரண்டு தடவை கேட்டிருக்க வேண்டியவர்தான். ஏஜெண்ட் ஹாரன் அடித்தான், அவர் போய்விட்டார். வேலன் அறைக்குள் வந்து புளிச்சோற்றைச் சாப்பிட்டான். தன் சாப்பாட்டுக் காசைக் கைச்செலவில் கழித்துவிடுவார்களோ என்ற பயத்தில், அவர் மறுபடி கேட்காமல் போனதே நல்லது என்றுகூட நினைத்தானாம்.

இரண்டாம் நாள் புளிச்சோறு கெட்டுவிட்டது. முறுக்கைத் தெருவில் தின்னப் பயம், தூள் கீழே விழுந்தால் பிடித்துக்கொள்வார்கள் என்று. கண்காட்சியில் அவலை மென்றுகொண்டே லேத்தைப் பார்த்தான். பசியில் கண் இருட்டிக்கொண்டு வந்தபோதும், அதன் படுகை ஒரு பக்கம் தேய்ந்திருக்கிறது என்று விரலால் தடவியே சொல்லிவிட்டான். அந்த ஒரு சொல்லில் முதலாளிக்கு லட்சக்கணக்கில் மிச்சம். ஏஜெண்ட் முகம் கறுத்தது. முதலாளி தலையை ஆட்டிக்கொண்டார், அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் சாயந்திரம் இரண்டு வெள்ளி கொடுத்து பஸ் ஏறி அந்தக் கடைக்குப் போனான். நல்லவேளை, கடையில் இருந்த சாஜிதா பேகம் என்ற பெண் தமிழ் பேசினாள். மெஷினை எடுத்துக் காட்டினாள். கட்டை விரல் அளவுகூட இல்லை. வேலன் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தானாம்.

விலை ஏறி நூற்றுத்தொண்ணூற்றாறு ஆகியிருந்தது. அதற்கு மேல் வரி. இருநூற்றிரண்டு வெள்ளி. வேலன் கையில் நூற்றுத்தொண்ணூற்றெட்டு. அவன் எண்ணுவதையும், மறுபடி எண்ணுவதையும், நெற்றியில் வேர்ப்பதையும் அந்தப் பெண் பார்த்திருக்கிறாள்.

"பரவாயில்லண்ணே, இருக்கிறதைக் கொடுங்க. நாலு வெள்ளிதானே, கடை முதலாளிகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

என் பிறவியில் நான் கேட்ட முட்டாள்தனங்களில் இதற்கு மேல் ஒன்றில்லை. வேலன் சொன்னான்: "வேணாங்க. உங்களுக்கு எதுக்குங்க சிரமம்."

அவள் அவனை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "சரிண்ணே" என்று மெஷினைப் பெட்டிக்குள் வைத்துக் கண்ணாடி அலமாரியைப் பூட்டிவிட்டாள். அங்கெல்லாம் ஒரு தடவைதான் கேட்பார்கள். வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே அர்த்தம்.

அரை மணி நேரம் கடைக்கு எதிரில் நின்றானாம். அவள் வெளியே வந்து கூப்பிடுவாள் என்று. உள்ளே போய், தப்பாகச் சொல்லிவிட்டேன், கொடுங்கள் என்று கேட்க அவனுக்கு நாக்கு எழவில்லை. இதை என்னிடம் சொன்னபோது அவனை அடிக்கலாம் போல இருந்தது. பஸ் காசுக்குப் பயந்து ஓட்டல் வரை நடந்தே வந்தான். முதலாளி அறைக்கு முன்னால் நின்று நாலு வெள்ளி கேட்கலாம் என்று கதவைத் தட்டக் கையைத் தூக்கினான். உள்ளே அவர் போனில் யாரையோ கண்டபடி திட்டிக்கொண்டிருந்தார். தூக்கிய கையை இறக்கிவிட்டான். மறுநாள் காலையில் விமானம்.

மெட்ராஸ் வழியாக அவர்கள் பீளமேடு விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது மத்தியானம் மூன்று மணி. வேனை நான்தான் கொண்டு போயிருந்தேன். வேலனைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. நான்கு நாளில் கன்னம் ஒட்டி, கண் உள்ளே போயிருந்தது. வாங்கினாயா என்று கண்ணால் கேட்டேன். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

முதலில் அவன் வீட்டு வாசலில் வேனை நிறுத்தினேன். மாசாணியம்மாள் கிருபாவைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். அவள் எதுவும் கேட்பதற்கு முன்பே, வேலன் சட்டைப்பையிலிருந்து பணத்தை எடுத்து முன்சீட்டிலிருந்த முதலாளியிடம் இரண்டு கையாலும் நீட்டினான். கூடவே மூன்று சீட்டு.

"கைச்செலவுப் பணமுங்க. ரெண்டு வெள்ளி மட்டும் பஸ்ஸுக்குச் செலவாயிருச்சுங்க, சம்பளத்துல புடிச்சுக்குங்க. ஓட்டல்ல குடுத்த காலைச் சாப்பாட்டுச் சீட்டுங்க இது, மூணும் அப்பிடியே இருக்குதுங்க."

முதலாளி சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மூணு நாளா நீ சாப்பிடவே இல்லியா?"

"சாப்பிட்டனுங்க."

"இந்தப் பணத்தை எதுக்கு எங்கிட்டக் குடுக்கற? உனக்குன்னு குடுத்தது."

நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேன். வாங்கிக்கோ, வாங்கிக்கோ என்று மனசுக்குள் கத்தினேன். வேலன் தலையைக் குனிந்துகொண்டு, "வேணாங்க" என்றான்.

முதலாளிக்குப் பயணக் களைப்பு. சரி என்பதுபோல் தலையாட்டினார். பணம் அவர் பைக்குள் போகப் பார்த்தது. அப்போது நான் பேசியிருக்க வேண்டும். பிள்ளைக்கு மெஷின் வாங்க வேணுமுங்க என்று ஒரு வார்த்தை. பதினோரு வருடமாக அவனைப் பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்த எனக்கு வாய் திறக்கவில்லை. அவர் எனக்கும் முதலாளிதானே.

"குடுங்க மொதலாளி."

மாசாணியம்மாள் வேன் ஜன்னலுக்குள் கையை நீட்டியிருந்தாள். வெங்கடபதி முதலாளி திடுக்கிட்டார். பணத்தை அவள் கையில் வைத்தார். அவள் கையை எடுக்கவில்லை.

"இன்னும் மூவாயிரம் வேணுங்க. புள்ளைக்குக் காது மெஷினுக்குங்க, இங்க எட்டாயிரமுங்க. மாசம் முந்நூறு சம்பளத்துல புடிச்சுக்குங்க."

"என்னம்மா, திடீர்னு..." என்றவர், பிள்ளையைப் பார்த்தார். "ஏங் கண்ணு, உம் பேரென்ன?"

கிருபா வேனின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் குரலை உயர்த்தி மறுபடி கேட்டார். அவள் திரும்பவே இல்லை. மூன்றாம் தடவை அவர் கேட்கவில்லை. பிறகு வேலன் பக்கம் திரும்பினார்.

"மூணு நாளு பக்கத்து ரூம்புலதான இருந்தேன்? நீ ஒரு வார்த்தை சொல்லல. இப்பக் கேக்கறேன். ஒருக்காத்தான் கேப்பேன். வேணுமா, வேண்டாமா?"

வேலன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டான். அவன் வாய் எந்த வார்த்தைக்குப் பழகியது என்று எனக்குத் தெரியும், மாசாணியம்மாளுக்கும் தெரியும். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"வேணுங்க" என்றான்.

உதடு அசைந்ததை வைத்துத்தான் எனக்குப் புரிந்தது, சத்தமே வரவில்லை. "சத்தமாச் சொல்லு" என்றார் முதலாளி. வேலன் அழுதுகொண்டே, தெருவே திரும்பிப் பார்க்கும்படி இன்னொரு தடவை சொன்னான்.