மூட்டை கட்டும் பாடம்

எனக்குச் சம்பளம் தருவதே ஊரை விட்டு ஓடிப்போவதற்குத்தான். காலையில் ஒருதரம், மத்தியானம் ஒருதரம், பாடசாலைப் பிள்ளைகள் பார்த்திருக்க ஓட வேண்டும்.

ரொறன்ரோவில் பழங்கால வீடுகளை அப்படியே வைத்திருக்கும் ஒரு அருங்காட்சியகம். அதில் நான் ஒரு விவசாயியின் மனைவி. அமெரிக்காவில் புரட்சி வந்தபோது அரசன் பக்கம் நின்றதால் அயலட்டையே பகையாகி, அகப்பட்டதை அள்ளிக்கொண்டு கனடாவுக்குப் படகேறிய குடும்பம். யாழ்ப்பாணத்திலிருந்து சண்டைக்குத் தப்பி வந்தவளுக்கு இந்த வேடத்தைக் கொடுத்தவர்கள் யோசித்துக் கொடுத்தார்களா தெரியாது. நான் முதல் நாள் சிரித்தேன்.

சிரிப்பு நீடிக்கவில்லை. கூட வேலை செய்யும் பெண் காலையில் என் இடுப்புக் கச்சையைப் பின்னாலிருந்து இழுத்துக் கட்டுவாள். பின்னேரம் அவள் வந்து அவிழ்க்கும்வரை மூச்சும் அளவாகத்தான். கதவைச் சாத்திவிட்டால் அந்தக் காலத்துக்குப் பிறகு நடந்த எதுவும் எனக்குத் தெரியக்கூடாது என்பது சட்டம். பிள்ளை வோஷ்ரூம் எங்கே என்று கேட்டால் அப்படியென்றால் என்ன என்று முழிக்க வேண்டும். அது பாவம், காலை இறுக்கிக்கொண்டு நிற்கும்.

திரியைக் கொழுப்பில் தோய்த்து மெழுகுதிரி செய்வோம். மத்தால் வெண்ணெய் கடைவோம். பிறகு, ஊரை விட்டுப் புறப்படச் சொல்லி வெளியே பறை அடிக்கும். படகில் எதை ஏற்றுவது, எதை விடுவது என்று பிள்ளைகளே முடிவெடுக்க வேண்டும். எல்லா வகுப்பும் மணிக்கூட்டை எடுத்துக்கொண்டு கோடரியை விட்டுவிடும்.

அன்றைக்கு மேலதிகாரி பின்வரிசை வாங்கில் வந்து உட்கார்ந்தார். குளிர்காலத்துக்குக் கச்சை கட்டிவிடும் அவள், நான், இருவரில் ஒருத்தியைத்தான் வைத்திருப்பார்கள். என் கணவர், இவருக்கு ஒஷாவா தொழிற்சாலையில் லேஓஃப், வேலையால் நிறுத்திவிட்டார்கள். எனக்கும் வேலை போனால் நாங்கள் இருக்கும் டோர்செட் பார்க் அப்பார்ட்மென்டை விட வேண்டிவரும். நிசமாகவே ஒருதரம் மூட்டை கட்டலாம்.

வகுப்பு தமிழர் நிறைந்த ஸ்காபரோவிலிருந்து வந்திருந்தது. மூட்டையெல்லாம் கட்டி முடிந்த பிறகு, கடைந்த வெண்ணெயையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு சிறுமி என்னிடம் வந்தாள்.

"அன்ரி, அப்ப மாடு?"

தமிழ் எனக்கு விளங்கக்கூடாது. மாட்டுக்கு ஸ்கிரிப்டிலும் பதில் இல்லை. ஆனால் வாய் தானாகத் திறந்துவிட்டது. அவிழ்த்துவிட்டேன் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். கட்டிப்போட்டுவிட்டுப் போனால் கட்டின இடத்திலேயே பட்டினி கிடந்து செத்துப்போகும். அதனால் வாளி நிறையத் தண்ணீர் வைத்து, படலையைத் திறந்து, கயிற்றை உருவிவிட்டுப் போனோம் என்றேன். கை தூணடியில் இல்லாத கயிற்றை உருவிக் காட்டியது. பிள்ளைகள் அசையவில்லை.

"போயிட்டுதோ?" என்றாள் சிறுமி.

"ஓம் பிள்ளை, போயிட்டுது."

சட்டத்தை மீறிவிட்டேன், வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். வகுப்பு போனதும் மேலதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். குளிர்காலம் எனக்குத்தான் என்றார். அந்த மாட்டை மட்டும் இனி எல்லா வகுப்புக்கும் சொல்ல வேண்டும், தமிழை விட்டுவிடலாம் என்றார். வாடகையை நினைத்து நன்றி சொன்னேன்.

மறுநாளே தூணில் நிசக் கயிறு தொங்கியது.

இப்போது நாளுக்கு இரண்டுதரம் அவிழ்க்கிறேன். மாடு போய்விட்டதா என்று யாராவது ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும். காட்டுக்குள் ஓடிவிட்டது என்று ஸ்கிரிப்டில் எழுதியிருக்கிறார்கள். அதைச் சொன்னால் பிள்ளைகளுக்கு முகம் மலரும்.

யாழ்ப்பாணத்தில் நாங்கள் அவிழ்த்துவிட்ட மாடு ஓடவில்லை. கழுத்தில் கயிறில்லாமல், படலை திறந்துகிடக்க, அதே கட்டையடியில் நின்று நாங்கள் ஒழுங்கையால் நடந்து முடக்குத் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தது. அதை நான் இவருக்குக்கூடச் சொன்னதில்லை.

பிள்ளைகள் பஸ்ஸில் ஏறியதும், அடுத்த வகுப்புக்காகக் கயிற்றைத் திரும்பக் கட்டிவைக்கிறேன்.