செட்டை முளைத்த கார்

கனடாவின் மிசிசாகாவில் வேலை முடிந்து நானும் அப்பாவும் அலுத்துப்போய்க் காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். ஸ்டியரிங்கில் நான். தேய்ந்த சவர்க்காரக் கட்டிகள் போன்ற இந்தக் காலத்துக் கார்களுக்கு நடுவில், வாலில் செட்டை முளைத்த பழைய அமெரிக்கக் கார் ஒன்று முன்னால் ஊர்ந்தது.

யாழ்ப்பாணத்தில் அப்பா கலியாண வீடுகளுக்கு வாடகைக்கு ஓடியது அப்படியொன்றுதான். அதற்கு ஸ்டியரிங் இடப்பக்கம். முன்னால் பஸ் போனால் எதிரே வருவது அவருக்குத் தெரியாது. அதனால் வலப்பக்கம் அம்மா இருந்து எட்டிப் பார்ப்பார். வெயிலில் காய்ந்த சீற்றின் மணத்தோடு நான் பின்னால்.

"ஒண்டும் வரேல்லை, எடுங்கோ" என்பார் அம்மா. அப்பா மறுபேச்சில்லாமல் முந்துவார். அம்மாதான் கார் ஓடுகிறார் என்று ஊர்ச்சனம் நம்பியது.

அம்மா செத்து மூன்று மாதம். இங்கே எல்லாக் காருக்கும் ஸ்டியரிங் இடப்பக்கம்தான். வலப்பக்கம் கண்மூடிக் கிடந்த அப்பாவைத் தட்டி, "அங்க பாருங்கோ" என்றேன். நிமிர்ந்தவர் காரைப் பார்க்கவில்லை, வீதியை எட்டிப் பார்த்தார்.

"ஒண்டும் வரேல்லை பிள்ளை, எடு."