சோப்பு தின்ற புள்ளி

“இவர் குளிச்சு எத்தனை வருஷமாச்சோ, உடம்பெல்லாம் அழுக்கு,” என்று கணினித் திரையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறார் பக்கத்து மேசை அக்கா. அடுத்த நொடி பழுப்பும் கறையும் போய், அந்தப் பழைய பக்கம் பளிச்சென்று வெளுக்கிறது. “ஆச்சு, போய்ட்டு வாங்க. அடுத்தவர் யாரு?”

பழைய வார இதழ்களைப் படமெடுத்துக் கணினியில் ஏற்றுகிற எங்கள் அறையில் இவருக்குச் சோப்பக்கா என்று பெயர். பக்கங்களின் அழுக்கைப் போக்க ஒரு புரோகிராமை இவரே எழுதி, அதற்குச் சோப்பு என்று பெயர் வைத்தார். பெயர் கடைசியில் இவர்மேலேயே ஒட்டிக்கொண்டது. மற்றபடி மனிதர்களுக்குச் சோப்புப் போடுவது இவருக்குச் சுத்தமாக வராது. மேலாளர் புதுச்சட்டையில் வந்து நின்றால், “பட்டனை மாத்திப் போட்டிருக்கீங்க சார்” என்பார்.

விளம்பரங்களை உரக்க வாசிப்பது இவர் வழக்கம். கதைப் பக்கங்களைச் சீண்டவே மாட்டார். “கதையில எவன் வேணா அளந்து விடுவான். விளம்பரத்தைப் பாருங்க, ஊருக்கு எங்க வலிச்சுது, எதுக்கு ஆசைப்பட்டுதுன்னு தெரிஞ்சிரும்.” எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று பக்கத்து மேசையில் சொல்லடைவு தயாரிக்கும் எனக்கு இந்தக் கச்சேரியில் வேலை ஓடாது. சொல்லிப் பார்த்தேன். “கைதானே எழுதுது, காதுக்கு என்ன வேலை?” என்றார்.

சென்ற வாரம் எல்லா இதழ்களும் முதல் குளியலை முடித்திருந்தன. தாள்களை இன்னொரு முறை பிரித்தால் தூளாகிவிடும். இனிப் படம்தான் இதழ். அழுக்குப் படங்கள், வெளுத்த படங்கள் இரண்டையும் வைக்க இடமில்லாததால் அழுக்கை அழித்துவிடுவதென்று முடிவாகியிருந்தது. அக்கா பெருமை தாங்காமல் ஒரு விளம்பரப் பக்கத்தைத் தன் வீட்டுக்காரருக்கு அனுப்பினார். மதியம் அவர் கூப்பிட்டார். அக்கா எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார் என்பதால் அவர்கள் வீட்டுச் சங்கதி எங்களுக்கு அத்துப்படி.

“பல வலிக்குக் கைகண்ட மருந்துன்னு போட்டிருக்கே. எனக்கு முட்டியும் போச்சு, இடுப்பும் போச்சு. ரெண்டு பாட்டில் வாங்கிட்டு வாயேன்.”

“அந்தக் கடைக்காரரோட பேரனே இப்ப கிழவனாயிருப்பார்” என்று சிரித்தார் அக்கா.

“அது சரி, படத்துல இருக்கிற ஆள் எதுக்குக் கன்னத்தைப் பிடிச்சுட்டு உட்கார்ந்திருக்கான்?”

அக்காவின் சிரிப்பு நின்றது. அதே பக்கத்தின் அழுக்குப் படத்தைத் திறந்து பெரிதாக்கினார். லகரத்தின் தலையில் மங்கலாக ஒரு புள்ளி. பல் வலி. சோப்பு அதைத் தூசி என்று துடைத்திருக்கிறது. அழுத்தமான புள்ளிகளை விட்டுவிட்டு, மை மங்கியவற்றை மட்டும் தின்றதால் யார் கண்ணிலும் படவில்லை. மேலும் சில பக்கங்களைத் திறந்தோம். ‘ஆள் தேவை’ என்று கேட்ட அச்சகத்துக்காரர் ‘ஆள தேவை’ என்று நின்றுகொண்டிருந்தார். என் சொல்லடைவு முழுக்க வெளுத்த பக்கங்களை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

செய்தி கேட்டு மேலாளர் வந்தார். “ஒரு புள்ளிதானேம்மா. பார்க்க எவ்வளவு லட்சணமா இருக்கு.”

“லட்சணமா இருக்கு சார். தப்பாவும் இருக்கு. பல்லுன்னு தேடுறவங்களுக்கு இந்த மருந்து கிடைக்கவே கிடைக்காது. என் சோப்பு, நான் போட்டது. திருத்தி எழுதி முதல்லேருந்து குளிப்பாட்டுறேன்.”

“அதுவரைக்கும் இந்த அழுக்கையா வச்சுக்கிறது? ரெண்டுல ஒண்ணுக்குத்தான் இடம். உங்க இத்தனை மாச உழைப்பும்மா.”

அக்கா வெளுத்த பக்கங்களை ஒன்றுவிடாமல் தேர்ந்தெடுத்தார். ‘நிச்சயமாக அழிக்கவா?’ என்ற கேள்வி திரையில் முழுதாக விரியும் முன்பே அவர் விரல் இறங்கிவிட்டது.