உடையார்கட்டின் நேர்கோடு

நல்ல முடிவு வந்தால் நிம்மதி வரவேண்டும். எனக்கோ உடையார்கட்டுக் கோழிக் கொட்டிலுக்குக் கணினி கீறும் கோட்டைப் பார்த்தாலே கால் ஓரிடத்தில் நிற்காது.

என் வேலையைச் சொன்னால் வீட்டில் சிரிப்பார்கள். கோழி எச்சத்தில் இருக்கும் நுண்ணுயிர்களைக் கணக்கெடுத்து, அந்தக் கோழிகளுக்கு நோய் வருமா என்று கணினியில் முன்கூட்டியே பார்க்கிற வேலை. குடலுக்குள் ஒரு ஊரே குடியிருக்கிறது. அதில் எது எதை வளரவிடுகிறது, எது எதை அமுக்குகிறது என்பதைச் சமன்பாடுகளாக எழுதிக் கொடுத்தால், நாளைக்கு யார் கை ஓங்கும் என்று கணினி கோடு கீறிக் காட்டும். "படிச்சுப் படிச்சுக் கடைசியில கோழிப் பீயிலயோ போய் நிக்கிறாய்?" என்று செட்டிகுளத்திலிருந்து அம்மா போனில் கேட்பார்.

கிளிநொச்சிப் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் எங்கள் ஆய்வகத்துக்குப் பல பண்ணைகளிலிருந்து ஐஸ் பெட்டிகளில் மாதிரிகள் பஸ் ஏறி வரும். புளியங்குளத்துக் கோடு மழை பெய்தால் சரியும், தீவனம் மாறினால் துள்ளும். உயிருள்ளது அப்படித்தான் இருக்கும். உடையார்கட்டில் ஒரு அக்கா தனியாக நடத்தும் கொட்டிலின் கோடு மட்டும் வாரக்கணக்காக அசையவில்லை. என் பேராசிரியருக்கு வாயெல்லாம் பல். "ஆரோக்கியமான குடலுக்கு இதைத்தான் அளவுகோலா வைக்கப்போறம்," என்றார். அப்படி வைத்தால் மற்றக் கொட்டில்களெல்லாம் நோய்க் கொட்டில்களாகிவிடுமே என்றேன். "நல்லா இருக்கிறதையும் சந்தேகப்படுறீர்," என்று எழுந்து போய்விட்டார்.

சாப்பிட உட்கார்ந்தாலும் அந்தக் கோடுதான் கண்ணுக்குள் நின்றது. அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"கோழியெல்லாம் எப்பிடி அக்கா?"

"ஒரு குறையும் இல்லை மிஸ்."

அந்தப் பதிலும் கோட்டைப் போலவே இருந்தது. மறுநாள் யாரிடமும் சொல்லாமல் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

என்னைக் கண்டதும் அக்கா பதறிப்போனார். வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு. கூடத்தில் வருகிறவர்களுக்கென்று வாங்கி வைத்த புதுக் கதிரைகளில் ஒன்றைத் துடைத்து, இருக்கச் சொன்னார். நான் இருக்கவில்லை, நேரே கொட்டிலுக்குப் போனேன். முன்பக்கத்துக் கோழிகள் துருதுருவென்று நின்றன. பின்பக்கத்தில் கூரை ஒழுகி, கீழே பரப்பிய உமி நனைந்து கட்டிபட்டுக் கிடந்தது. அங்கே நின்றவை செட்டையைத் தொங்கப்போட்டுக் கண்ணை மூடியிருந்தன. எச்சம் தண்ணீராகப் போயிருந்தது, மூக்கைப் பொத்தவைக்கும் நாற்றம்.

"அக்கா, இதில இருந்து எடுத்து அனுப்பேல்லையோ?"

அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. "வளாகத்தில இருந்து கேக்கிறியள். இந்த ஊத்தையையே மிஸ் அனுப்பிறது? பாக்கிற ஆக்கள் என்ன நினைப்பினம்? நல்லா உருண்டு காய்ஞ்சதாப் பாத்துப் பொறுக்கித்தான் பஸ்ஸில குடுத்துவிட்டனான்."

எனக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. இன்னொருவர் வீட்டுக்கு எதைக் கொடுத்துவிட்டாலும் நல்லதாகப் பார்த்துக் கொடுப்பதுதான் எங்கள் பக்கத்துப் பழக்கம். மாம்பழமென்றால் அடிபடாதது, முட்டையென்றால் பெரியது. எச்சம் என்றதும் மட்டும் கை மாறிவிடுமா? எல்லா மூலையிலிருந்தும் எடுங்கள் என்று நான் சொன்னபோது அக்கா ஓம் ஓம் என்றுதான் தலையாட்டினார்.

நான் கூப்பிட்ட மிருக வைத்தியர் வந்து பின்பக்கத்துக் கோழிகளுக்கு மருந்து கொடுத்தார். நான் இரண்டு பக்கத்திலும் என் கையாலேயே மாதிரி எடுத்துக்கொண்டு கிளிநொச்சிக்கு ஓடினேன். அக்காவுக்கு அந்தக் கோழிகள்தான் சீவியம். முன்பக்கமும் போய்விட்டால் திரும்பத் தொடங்க அவரிடம் ஒன்றுமில்லை. முடிவு வரும்வரை ஆய்வகத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டேயிருந்தேன். பயமாகத்தான் இருந்தது.

கோடு வந்தது. இந்த முறை நேராக இல்லை. பின்பக்கம் விழுந்துகொண்டிருந்தது. ஒரே கொட்டிலில் விட்டால் முன்பக்கமும் பின்னாலேயே விழும் என்றது கணினி. அந்த நேரம் பார்த்து அக்காவின் அழைப்பு.

"என்ன மிஸ் காட்டுது? முன்னுக்கு நிக்கிறதுகளாவது தப்புமோ?"

"மருந்து குடுத்திருக்குத்தானே அக்கா. பயப்பிடாதேங்கோ, எல்லாம் சரிவரும்." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"பிள்ளை," என்றார். அதுவரை என்னை மிஸ் என்றுதான் கூப்பிடுவார். "நான் செய்ததை நீங்களும் செய்யாதேங்கோ. நல்லதாப் பாத்துப் பொறுக்கித் தராதேங்கோ."

திரையில் விழுந்துகொண்டிருந்த கோட்டைத் திரும்பப் பார்த்தேன். பிறகு சொன்னேன்.

"பின்னுக்கு நிக்கிறதுகளில கனக்கத் தப்பாது அக்கா. முன்னுக்கு நிக்கிறதுகளை இப்பவே வேற இடத்துக்கு மாத்துங்கோ. கணினி சொல்லுறது பிழையாவும் இருக்கலாம். ஆனா இதுதான் காட்டுது."

"வேற இடமெண்டா வீடுதான் இருக்கு," என்றார் அக்கா.

போனை அவர் வைக்கவில்லை. கூடத்துக் கதிரைகளை முற்றத்துக்கு இழுக்கும் சத்தம் கேட்டது.