சம்பந்தியின் நூபக் சப்பாத்து

என் நாட்குறிப்பில் வியாழக்கிழமை காலை 8.10 மணிக்கு எழுதியது: "பிரஷ் போட்டாயிற்று. நீர் ஒட்டாத ஸ்பிரே, முதல் தெளிப்பு, ஒரு சாண் தூரத்திலிருந்து. நிழலில் காயட்டும். வெயில் கூடாது."

சப்பாத்து என்னுடையதல்ல. அடுத்த மாதம் என் மகள் வாழப்போகும் பெர்மாஸ் ஜெயா வீட்டுச் சம்பந்தியினுடையது. லேடாங் மலை ஏறுவதற்குக் கொடுத்திருந்தார். ஒரு கறை இல்லாமல் திருப்பித் தரவேண்டும். கல்யாணத்துக்கு முன் மனக்கசப்பு கூடாது. நூபக் தோல் பூனை முதுகு போல மெல்லிய ரோமத்தோடு மங்கலாக இருக்கும். பளபளத்தால் கெட்டுவிட்டது என்று அர்த்தம்.

"இது பூஞ்சணங்க, தேய்ச்சு எடுங்க," என்றாள் மனைவி.

"கை வைக்காத. அதான் அழகு."

வெள்ளிக்கிழமை இரண்டாம் தெளிப்பு. சனிக்கிழமை எங்கள் மூவாரில் தூறல். சோதிக்க நல்ல நாள். அதைப் போட்டுக்கொண்டு மனைவியோடு கோயிலுக்கு நடந்தேன். துளிகள் சேம்பு இலையில் உருளுவதுபோல உருண்டன. தீபாராதனை முடிந்து வெளியே வந்தால், சப்பாத்தைக் காணவில்லை.

கோயில் செயலாளர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "சனிக்கிழமையா காணாம போச்சு? கொடுத்து வச்சவங்க லா! சனி அதோட போயிருச்சு."

வெறுங்காலோடு வீட்டுக்கு வந்து, சம்பந்திக்குப் போன் செய்தேன்.

"அலமாக்! கோயில்லயா? சனிக்கிழமையா?" குரலில் கோபமே இல்லை. "எனக்கு ஏழரை நடக்குது சம்மந்தி. என் சப்பாத்து, அப்ப என் சனிதானே போச்சு?"

"போட்டிருந்தது என் காலுங்க," என்றேன். எனக்கும் ஆசை.

மனைவி போனை வாங்கினாள். "இடது காலு உங்களுக்கு, வலது காலு இவருக்கு. சண்டை வேணாங்க."

செவ்வாய்க்கிழமை கோயிலிலிருந்து அழைப்பு வந்தது. சப்பாத்து பழைய இடத்திலேயே இருந்தது. எடுத்தவர் யாரென்று தெரியவில்லை. ஆனால் கறுப்பு பாலிஷ் போட்டு, முகம் பார்க்கலாம் போலத் தேய்த்து வைத்திருந்தார். ரப்பர் பிரஷால் அரை நாள் தேய்த்தும் பூனை முதுகு திரும்பவில்லை.

வேறு வழியில்லாமல் புதன்கிழமை பெர்மாஸ் ஜெயாவுக்குக் கொண்டுபோனேன். சம்பந்தி கேட்டைத் திறக்கவில்லை.

"இது என்னுது இல்லங்க."

"ஒன்பதாம் நம்பர். அதே கயிறு. யாரோ பாலிஷ் போட்டுட்டாங்க."

"எந்தத் திருடன் பாலிஷ் போட்டுத் திருப்பிக் குடுப்பான், சொல்லுங்க? என்னுது போயிருச்சு. சந்தோசமா போயிருச்சு." கேட்டுக்கு மேலாக ஒரு தட்டில் பலகாரம் நீட்டினார். "கல்யாணம் முடியிற வரைக்கும் அதை இந்தப் பக்கம் கொண்டு வராதீங்க. உங்களுக்கே வச்சுக்கோங்க."

மனக்கசப்பு இல்லை. சப்பாத்துதான் என்னிடம் நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்ததும் ஒரு குவளை நீர் ஊற்றிப் பார்த்தேன். நீர் உருண்டு ஓடியது. என் தெளிப்பு இருந்தாலும் ஓடும், வெறும் பாலிஷ் இருந்தாலும் ஓடும். எனவே இது அதே ஜோடிதானா என்பது, இதை எழுதும்வரை, உறுதி செய்யப்படவில்லை.