மும்தாஜ் அக்காவின் கணக்குப் பீரியட்

இன்று காலை எங்கள் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் செந்தில் ஒரு பழைய படம் போட்டான். தொண்ணூறுகளில் எடுத்த எங்கள் ஒன்றாம் வகுப்புப் படம். அழுதுகொண்டிருக்கும் என்னை இடுப்பில் வைத்திருப்பது ஒன்பதாம் வகுப்பு மும்தாஜ் அக்கா.

"அப்பவே நம்ம ஸ்கூல்ல பெரிய புள்ளைக சின்னப் புள்ளைகளப் பாத்துக்கும். எல்லாம் நம்ம டீச்சர் ஏற்பாடுங்க" என்று எழுதியிருந்தான். எங்கள் ஒன்றாம் வகுப்பு டீச்சருக்கு விழா எடுத்துப் பொன்னாடை போர்த்தப் போகிறார்களாம். வரிசையாகக் கைதட்டல்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பனியன் கம்பெனி வேலைக்காக அப்பா எங்களைத் திருநெல்வேலியிலிருந்து கூட்டி வந்த புதிது. என் பேச்சைக் கேட்டு வகுப்பே சிரிக்கும். நான் அழுவேன். உடனே டீச்சர் ஆள் அனுப்பி மும்தாஜ் அக்காவை அழைப்பார். பெரும்பாலும் அது அக்காவுக்குக் கணக்குப் பீரியட்.

"இந்த ஊர்ல எதுக்கும் ஒரு 'ங்க' போட்டுப் பேசு கண்ணு, ஒருத்தரும் சிரிக்க மாட்டாங்க" என்று கண்ணைத் துடைத்துவிடுவாள்.

பத்தாம் வகுப்பில் கணக்கில் அக்கா ஃபெயில். "பொடுசுக பின்னாடியே திரிஞ்சா கணக்கு எப்படி வரும்?" என்று எல்லார் முன்னாலும் கேட்டவர் இதே டீச்சர்தான். அதோடு அக்கா கம்பெனிக்குப் போய்விட்டாள்.

"விழாவுக்கு மும்தாஜ் அக்காவைக் கூப்பிட்டீங்களா?" என்று குழுவில் கேட்டேன்.

"பழசையெல்லாம் எதுக்குங்க கிளறிக்கிட்டு?" என்றான் செந்தில்.

அக்கா சொல்லிக்கொடுத்த மரியாதையோடுதான் கேட்கிறேன். பழைய படத்தைப் போட்டது நானுங்களா?