ஆறு உடை, ஒரே ஞாயிற்றுக்கிழமை

விசா என்ற சொல் காதில் விழுந்ததுமே தண்டபாணி அண்ணன் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுகிறார். ஆக்லாந்து கோயில் சாப்பாட்டுக் கூடத்தில் இது வாராவாரம் நடப்பது. சாம்பார் சாதம் பாதி, அப்பளம் முழுசு, அப்படியே அடுத்த மேசைக்குப் போவார். அங்கேயும் யாராவது மாமியாருக்கு விசிட்டர் விசா என்று ஆரம்பித்தால் மூன்றாவது மேசை. "இங்க வேணாம் தம்பி. ஆபீஸுக்கு வாங்க, பேப்பர்ல கையெழுத்துப் போட்டுட்டுப் பேசுவோம்" என்பார். யாழ்ப்பாணத்துத் தியாகலிங்கம் ஐயாவுக்கு இதைப் பார்த்தால் சிரிப்பு. "உந்த மனுசன் முந்தி வாய் ஓயாமக் கதைச்சவர். லைசன்ஸ் எடுத்த பிறகு ஊமையாப் போனார்."

இந்த நாட்டில் உரிமம் இல்லாதவர் விசா ஆலோசனை சொல்வது குற்றம். அதனால் கோயிலில் ஆலோசனை குறைந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். உரிமம் இல்லாத அத்தனை பேரும் தாராளமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். உரிமம் வாங்கிய ஒரே மனிதர் அப்பளம் தின்றுகொண்டிருக்கிறார்.

அண்ணனுக்கு வயது ஐம்பத்து மூன்று. பழனிக்காரர். முன்வழுக்கை, இடது தோள் ஒரு விரற்கடை தாழ்ந்திருக்கும். இருபத்தாறு வருடம் கேமராப் பை தொங்கிய தோள் அது. மனைவி பிரசாந்திக்கு ஆக்லாந்தில் நர்ஸ் வேலை கிடைத்ததும் பழனி ஸ்டுடியோவை மூடிவிட்டு இங்கே வந்தவர், கல்யாணம், வளைகாப்பு, அரங்கேற்றம் என்று தமிழர் வீட்டு விசேஷம் ஒன்றையும் விட்டதில்லை. "மாப்ள, தோள்ல கை வைங்க. பொண்ணு, கொஞ்சம் மேல பாருங்க" என்ற அந்தக் குரல் கேட்காமல் இங்கே தாலி ஏறியது அபூர்வம். மாசி என்கிற புறநகரில் அவர் வீட்டு கராஜ்தான் ஸ்டுடியோவாக இருந்தது. இப்போது அதுவே அலுவலகம். நீலத் திரை இன்னும் சுவரில் தொங்குகிறது. எதிரே உட்காருகிறவர் ஆணாக இருந்தால், தாடையை இரண்டு விரலால் லேசாக நிமிர்த்திவிட்டுத்தான் பேச்சை ஆரம்பிக்கிறார். கேட்டால் பழக்கதோஷம் என்கிறார்.

அவர் தொழிலை மாற்றியதற்குக் காரணம் நான். பெருமைக்காகச் சொல்லவில்லை.

நான் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். கிளென் ஈடனில் வாடகை வீடு. பெரியவர்கள் பார்த்து வைத்த கல்யாணம் தென்காசியில் நடந்தது. ஆனந்தவல்லி செப்டம்பரில் மூன்று மாத விசாவில் இங்கே வந்தாள். அது முடிவதற்குள் அவள் தொடர்ந்து தங்குவதற்கு விண்ணப்பிக்க வேண்டும். நாங்கள் உண்மையாகவே சேர்ந்து வாழும் கணவன் மனைவி என்று ஆதாரம் காட்ட வேண்டும். கோயிலில் ஒரு நிபுணர், வெவ்வேறு நாளில் எடுத்த ஐம்பது போட்டோவாவது இல்லாவிட்டால் கதை கந்தல் என்று சொல்லிவிட்டார். எங்களிடம் இருந்தவை நான்கு. இரண்டு பேருமே கேமராவைக் கண்டால் தலையைக் குனிகிற ஆட்கள்.

தண்டபாணி அண்ணனிடம் ஓடினேன். அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஒரே ஞாயிற்றுக்கிழமை, ஆறு உடை, ஆறு இடம் என்று திட்டம் போட்டுவிட்டார். மிஷன் பே கடற்கரையில் ஆரம்பித்தோம். மவுண்ட் வெல்லிங்டன் ஷாப்பிங் சென்டர் கழிப்பறையில் வல்லி மூன்று முறை புடவை மாற்றினாள். "செப்டம்பர்ல குளிருமே, ஸ்வெட்டர் போடுங்க" என்று அண்ணன் சொல்ல, இந்த ஊர் டிசம்பர் கோடை வெயிலில் ஸ்வெட்டருக்குள் வியர்த்துக்கொண்டு சிரித்தோம். படங்களுக்குக் கீழே செப்டம்பர், அக்டோபர் என்று தேதி எழுதியது நான். அந்த அறிவு என்னுடையது.

விசா அதிகாரி கெட்டிக்காரர். நாங்கள் செப்டம்பர் என்று எழுதிய படத்தில், எங்கள் தலைக்கு மேலே பொஹுதுகாவா மரம் செக்கச்செவேலென்று பூத்திருந்தது. அது டிசம்பரில் பூக்கிற மரம் என்பது இந்த ஊரில் பள்ளிக்கூடக் குழந்தைக்கும் தெரியும். போதாததற்கு, படம் எடுத்த அன்று காலை வெண்டைக்காய் நறுக்கும்போது வெட்டிக்கொண்டு வல்லி கட்டைவிரலில் ஒட்டிய பிளாஸ்திரி மூன்று மாதமும் அசையாமல் அதே இடத்தில் இருந்தது. எங்கள் கல்யாணமே சந்தேகத்துக்கு உரியது என்று கடிதம் வந்தது. வல்லி தென்காசிக்குத் திரும்பிப் போனாள். நான் அவசரப்பட்டு இன்னொரு விண்ணப்பம் போட்டேன். பழைய சந்தேகத்துக்குப் பதில் சொல்லாமல் போட்டதால் அதுவும் திரும்பி வந்தது.

முதல் கடிதத்தை அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டியபோது அவர் இரண்டு முறை படித்தார். பிறகு அந்தப் படத்தைக் கையில் எடுத்தார். "இத்தனை வருசம் மூஞ்சியையே பாத்துட்டிருந்தேன் தம்பி. மேல மரம் இருந்ததைப் பாக்கல" என்றார். நான் அவரைக் குறை சொல்லவில்லை, மனதிலும் இல்லை. ஆனால் அவர் அடுத்த மாதமே பெரிய லென்ஸை விற்றுவிட்டு, குடிவரவு ஆலோசகர் படிப்பில் சேர்ந்துவிட்டார்.

ஐம்பது வயதுக்கு மேல் சட்ட ஆங்கிலம் படிப்பது லேசான காரியமில்லை. முதல் தாளை இரண்டு முறை எழுதினார். விதிகளை அச்செடுத்துக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில், குளியலறைக் கண்ணாடியில், அரிசி டப்பா மூடியில் ஒட்டிவைத்தார். ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்கும்போது போடுவது போலவே முக்கியமான விதிக்கு ஒரு நட்சத்திரம், மிக முக்கியமானதற்கு இரண்டு. "தூக்கத்துல என் பேரைச் சொல்லமாட்டார், 'ஜெனுவின் அண்டு ஸ்டேபிள்'னு கணவன் மனைவி விதியை உளறுவார்" என்று பிரசாந்தி அக்கா என்னிடம் சொன்னார். குற்றம் சாட்டும் குரலில் அல்ல. டபுள் ஷிஃப்ட் பார்த்து அந்த ஒன்றரை வருடம் குடும்பத்தை ஓட்டியவர் அவர்தான்.

தேறியவருக்கு முதலில் கிடைப்பது தற்காலிக உரிமம். அனுபவமுள்ள ஒருவரின் மேற்பார்வையில்தான் வேலை செய்ய வேண்டும். ஈப்போவிலிருந்து வந்து இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கும் சீதாதேவி அம்மா மேற்பார்வைக்கு ஒப்புக்கொண்டார். அண்ணன் திறந்த முதல் கோப்பு என்னுடையது.

போட்டோவே கேட்கவில்லை. என் தாடையை நிமிர்த்திவிட்டு, "மொதச் சண்டை எதுக்கு வந்துச்சு?" என்றார். ஹீட்டருக்கு என்றேன். வல்லி ஹீட்டரைப் போட்டபடியே கடைக்குப் போய்விடுவாள், கரண்டு பில் எகிறும், நான் வேலையிலிருந்தே செய்தி அனுப்புவேன். போனை வாங்கிப் பார்த்தார். "ஹீட்டரை அணைச்சியா?" என்று மூன்று மாதத்தில் நாற்பத்தொரு முறை கேட்டிருந்தேன். "அணைச்சாச்சு சாமி" என்று நாற்பத்தொரு பதில். அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. "இதைத் தம்பி, எந்தக் கேமராமேனாலயும் செட்டப் பண்ண முடியாது" என்றார். அத்தனையையும் முறையாக மொழிபெயர்க்கக் கொடுத்தோம். வல்லியின் நூலக அட்டை, இரண்டு பேர் பெயரும் போட்ட வாடகைப் பத்திரம், பல் டாக்டர் எங்கள் முகவரிக்கு அவளுக்கு அனுப்பிய கடிதம் எல்லாம் சேர்ந்தன.

பொய்த் தேதி மட்டும் குறுக்கே நின்றது. தேதி எழுதியது நான் என்று நான் ஒப்புக்கொண்டு எழுதலாம். ஆனால் ஏற்கெனவே ஏமாற்றியவன் சொல்வதை யார் நம்புவார்கள்? படம் எடுத்தவரே, அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது இதுதான், ஆறு உடை யோசனை என்னுடையது என்று வாக்குமூலம் கொடுத்தால் அதற்கு மதிப்பு உண்டு. இங்கேதான் சீதாதேவி அம்மா குறுக்கிட்டார். "சாட்சியா நிக்கணும், இல்ல அட்வைசரா நிக்கணும். ரெண்டும் முடியாது லா. நீங்க எழுதிக் கொடுத்தா அது உங்க லைசன்ஸுக்கே வந்து நிக்கும், தெரியும்தானே?"

அவருக்குத் தெரியும். இந்த ஒரு கோப்புக்காகத்தான் ஒன்றரை வருடம் படித்தார். இப்போது அதையே விட்டுக்கொடுக்க வேண்டும். அதோடு, பொய்யான ஆதாரம் தயாரிக்க உதவினேன் என்று, உரிமம் வாங்கிய மை காயும் முன்பே, தன் கையாலேயே எழுதித் தர வேண்டும். வேண்டாம் அண்ணே, வேறு வழி பார்ப்போம் என்றேன். உண்மையில் வேறு வழி எனக்குத் தெரியாது.

அவர் எழுந்து போய் நீலத் திரையின் சுருக்கத்தை இழுத்துச் சரிசெய்தார். "லைசன்ஸ் போனா மறுபடி கேமராவைத் தூக்கிக்கறேன். அந்தப் புள்ள வந்து சேரணும்" என்றார். கோப்பைச் சீதாதேவி அம்மா பக்கம் நகர்த்திவிட்டுப் பேனாவைக் கேட்டார். இரண்டு பக்கம் எழுதினார். தொழில் என்ற கட்டத்தில் புகைப்படக்காரர் என்று போட்டார். மறுநாள் உரிமம் கொடுத்த அலுவலகத்துக்கும், யாரும் கேட்பதற்கு முன்னால், தானே எழுதி அனுப்பினார்.

உரிம அலுவலகத்தின் பதிலுக்காக அவர் நான்கு மாதம் காத்திருந்தார். கண்டிப்பான வார்த்தைகளில் ஒரு கடிதம் வந்தது. மேற்பார்வைக் காலத்தை இன்னும் ஒரு வருடம் நீட்டினார்கள், உரிமத்தைப் பறிக்கவில்லை. என் கோப்புக்கும் பதில் வந்தது. வல்லி வரலாம். நான் லிஃப்ட் குழிக்குள் நின்று அதைப் படித்து அழுதேன். என் அப்பா அம்மாவுக்குச் சொல்வதற்கு முன்னால் அண்ணனுக்குத்தான் போன் செய்தேன். நன்றி என்று ஆரம்பித்தேன். அதற்குள் அவர் போனைப் பிரசாந்தி அக்காவிடம் கொடுத்துவிட்டார்.

போன ஜூன் மாதம், திரும்பிப் போய் இரண்டு வருடம் மூன்று மாதம் கழித்து, வல்லி வந்து இறங்கினாள். விமான நிலையத்துக்கு அண்ணன் வர வேண்டிய அவசியமே இல்லை. வந்தார், இஸ்திரி போட்ட சட்டையில். உள்ளே அவளை நிறுத்தி ஏதாவது கேட்பார்களோ என்று என்னைவிட அவருக்குத்தான் கவலை. கதவு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் எட்டிப் பார்த்தார். கடைசியில் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு அவள் வெளியே வந்தாள். மெலிந்திருந்தாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சுற்றிலும் எல்லோரும் செய்வதைப் பார்த்து நானும் போனைத் தூக்கினேன். அண்ணன் அதை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். அவர்தான் படம் எடுக்கப் போகிறார் என்று நான் விறைப்பாக நின்றேன். அவரோ போனை அணைத்து என் சட்டைப் பையில் போட்டார். என் தோளைப் பிடித்து அவள் பக்கமாகத் திருப்பி விட்டார். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, விமான நேரப் பலகையைப் பார்த்தபடி நின்றுகொண்டார்.